மேரியக்கா சொன்னால் தோல் இல்லை

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிற நாட்களிலாவது அது அடங்கியிருக்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, அரை வயிற்றுச் சாப்பாடும் வெறுங்காலுமாக லாஸ்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் போய் உட்காருகிறவனுக்குச் சாந்தம் எங்கிருந்து வரும்? "உங்களுக்கு மாலை போட்டாத்தான் கோவம் ஜாஸ்தியாவுது" என்பாள் என் மனைவி பூர்ணிமா. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் ஆனந்தமேரியின் கதை, அப்படி ஒரு கோபத்தோடு நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்ற நாளில்தான் சூடு பிடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் பெரிய கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். பூட்டிய கதவுகளுக்கு முன்னால் தெரு நெடுக சண்டே மார்க்கெட் விரிந்திருக்கும். சட்டை, செருப்பு, பழைய புத்தகம், பிளாஸ்டிக் வாளி என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். அங்கே ஒரு பாத்திரக் கடையின் இரும்பு ஷட்டருக்கு முன்னால் நீலத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார் மேரியக்கா. அவர் விற்றது பெல்ட் ஒன்றுதான். அதிலும் தோல் பெல்ட் கிடையாது. பருத்தி, சணல், வாழை நார் இவ்வளவுதான். "தோலு இல்ல, ரெக்சின் இல்ல, செடியில வெளைஞ்ச பெல்ட்டு!" என்று அவர் கூவினால் மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும். கூச்சம் என்ற ஒன்றை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

அவர் நெல்லித்தோப்புக்காரர். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிற குடும்பம், குரல் அங்கிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்பே தோல் பை தைக்கிற ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பல வருஷம் தைத்தார். பசையும் சாயமும் சேர்ந்து இரண்டு கையிலும் தோல் உரிய ஆரம்பித்தது. டாக்டர் இந்த வேலையை விட்டால்தான் கை தேறும் என்று சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவர் அடுத்த வாரமே சென்னைக்குப் போய், பாரிமுனையில் ஒரு மூட்டை பெல்ட் வாங்கி வந்து காந்தி வீதியில் விரித்துவிட்டார். கணவர் லூர்துபிரகாஷ் கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிறவர். "மதாம்", "மிசியே", "மெர்சி" என்று மென்மையாகப் பேசிப் பழகிய மனிதர். பெண்டாட்டி தெருவில் நின்று கூவப் போகிறாள் என்று கேள்விப்பட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு அவரே மூட்டையைத் தூக்கி வந்து வைத்தார்.

முதலில் எல்லோரையும் போலத் தோல் பெல்ட்தான் விற்றார். கார்த்திகை பிறந்தது. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டையோடு வந்தவர்கள் ஒருவர் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "தோல் இல்லாத பெல்ட் இருக்கா?" மாலை போட்டவர்கள் பலரும் தோல் பொருளைத் தொட மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிடலாம், பர்ஸை வீட்டில் வைத்துவிடலாம். ஆனால் என்னைப் போலத் தொப்பை உள்ளவன் பெல்ட் இல்லாமல் ஆபீஸுக்கு எப்படிப் போவான்? இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டா ஃபைலில் கையெழுத்துப் போட முடியும்?

மேரியக்கா உடனே ரெக்சின் பெல்ட்டுகளை இறக்கினார். பார்க்கத் தோல் மாதிரியே பளபளவென்று இருந்தன. சாமிமார்களும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வேர்வைக்கும் அவை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கறுப்பு கறுப்பாக உரிந்து இடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டிய இடுப்பைக் காட்ட ஒருவர் மார்க்கெட்டிலேயே சட்டையைத் தூக்கிவிட்டார். அன்றோடு ரெக்சினுக்கும் மேரியக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அது பெட்ரோலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி சாமி. அதப் போயி இடுப்புல கட்டுவாங்களா?" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு அவர் பெல்ட் பொறுக்கிய விதத்தை நானே கூட இருந்து பார்த்திருக்கிறேன். புதுச் சரக்கு வந்தால் ஒவ்வொன்றாக எடுத்து விரல் நகத்தால் அழுத்துவார். மூக்கருகே கொண்டுபோவார். வெட்டிய முனையில் நெசவு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் முனையிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி கிழித்து வைப்பார். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிச் சொட்டினால் அந்தப் பெல்ட் மூட்டைக்கே திரும்பிப் போகும். அழகாக இருக்கிறது, விலை சல்லிசு என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது.

வாழை நார் பெல்ட்டை அவருக்கு அறிமுகப்படுத்தியது பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் குழு ஒன்று. பின்னல் பார்க்க லட்சணமாக இருந்தது. சாமிக்குப் படைக்கிற மரம், விரதத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது என்று நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். ஆபீஸில் மேலதிகாரி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன், பட்டென்று ஒரு சத்தம். மேலதிகாரி பட்டாசு என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு நான் அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது மேரியக்கா என் வயிற்றையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாருமேல தப்பு இல்ல சாமி" என்றார். "இது ஒல்லி ஆளுங்களுக்கு. உங்களுக்கு ரெண்டு மடிப்பு கான்வாஸ்தான் தாங்கும்."

அதன் பிறகு ஒல்லியானவர்களுக்கு மட்டும்தான் வாழை நார். தொப்பைக்காரர்கள் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். ஈசிஆர் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர்களும் "நோ லெதர்?" என்றுதான் கேட்டார்கள். "நம்ம சாமிங்க ஒரு மண்டலத்துக்கு, இவங்க ஆயுசுக்கும்" என்பார் மேரியக்கா. ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் தன் இடுப்பில் இருந்த பெல்ட்டைக் கழற்றிக் காட்டி, அது மரப்பட்டையில் செய்தது, பாட்டில் மூடுகிற கார்க் இருக்கிறதே அதே பட்டை என்று விளக்கினாராம். மேரியக்கா அதை அழுத்தி, முகர்ந்து, வளைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்மூரு வேர்வைக்கு மூடி கழண்டுடும்" என்று தமிழிலேயே தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்தில் காத்தவராயன் கடை. அவரும் பெல்ட்தான் விற்றார். அவரிடம் இருந்த சரக்கு ஒன்றுதான், ஆனால் கேட்கிறவரைப் பொறுத்து அது மாறும். தோல் வேண்டும் என்று வருகிறவனுக்கு அது அசல் தோல். மாலை போட்டவனுக்கு அதே பெல்ட் சுத்த ரெக்சின். எது எதுவென்று அவருக்கே தெரியாது, தெரிந்துகொள்கிற ஆசையும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மேரியக்கா "தோலு இல்ல" என்று சொன்னால் மட்டும் ஜனங்கள் நம்பினார்கள். இந்துக்களிடம் "கற்பூரம் அடிச்சிச் சொல்றேன்" என்பார், நெல்லித்தோப்புக்காரர்களிடம் "மாதா மேல சத்தியம்" என்பார், வெள்ளைக்காரர்களிடம் "ப்ராமிஸ், மதாம்" என்பார். சத்தியம் மூன்று விதம், சொல்கிற விஷயம் ஒன்று.

எங்கள் குருசாமி ராமலிங்கம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். மாலை போட வருகிற எல்லோரிடமும் அவர் சொல்கிற புத்திமதிகளில் ஒன்று: "பெல்ட்டு வேணும்னா மேரியம்மாகிட்ட போங்க. அவங்க சொன்னா தோல் இல்ல." கழுத்தில் சிலுவை போட்ட ஒரு பெண்மணியின் வாயை நம்பி, லாஸ்பேட்டையின் ஒரு குழு முழுக்க ஐயப்ப விரதம் இருந்தது. அவருக்கென்று கடை கிடையாது, போர்டு கிடையாது, பில் புத்தகம் கிடையாது. அந்த வாக்கு ஒன்றுதான் அவருடைய முதல்.

இது இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கார்த்திகையில் நடந்தது. குழுவில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் மேரியக்காவிடம் கறுப்புக் கான்வாஸ் பெல்ட் வாங்கினோம். நல்ல கனம், இரண்டு மடிப்பு. பேண்ட்டுக்கும் ஆகும், வேட்டிக்கு மேலேயும் கட்டிக்கொள்ளலாம். நான் வயிற்றை எக்காமல் மாட்டிக்கொண்ட முதல் பெல்ட் அது.

ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரில் தெப்பலாக நனைந்து வந்து, பெல்ட்டைக் கழற்றி வராந்தாக் கொடியில் போட்டேன். காலையில் அது கீழே கிடந்தது. பக்கத்து வீட்டு நாய்க்குட்டி அதை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அக்கறையாகக் கடித்துக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டு எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு நீளப் பெல்ட்டில் கான்வாஸ் மேல் அது ஒரு பல்கூடப் போடவில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் நுனியைச் செருகுகிற சின்ன வளையம் இருக்குமே, லூப் என்பார்கள், அதை மட்டும் பாதிக்கு மேல் தின்றிருந்தது.

பூர்ணிமா காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "நாயி எங்கனா துணியத் திங்குமாங்க?" என்றாள்.

மிச்சம் இருந்த லூப்பை முகர்ந்தேன். ஈரத்தில் ஊறிய அந்த வாடை யாருக்கும் தெரியும். கறுப்புச் சாயம் பூசிய மெல்லிசுத் தோல். அதைத்தான் கார்த்திகை முதல் நாளிலிருந்து இடுப்பில் கட்டிக்கொண்டு சரணம் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. யாரோ ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு வந்திருக்காது. மேரியக்கா ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

சாயந்திரம் ஆபீஸ் முடிந்ததும் ஸ்கூட்டரை நேராக நெல்லித்தோப்புக்கு விட்டேன். மேரியக்கா முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வாழை நார் பெல்ட்டுகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். லூர்துபிரகாஷ் டியூட்டிக்குக் கிளம்ப வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் தயார் செய்து வந்த வசனங்கள் எக்கச்சக்கம். வாசலில் நின்றபடியே பெல்ட்டை நீட்டினேன்.

"இன்னாக்கா இது? கற்பூரம் அடிச்சி சொன்னீங்களே, நல்லா மோந்து பாருங்க!"

அவர் வாங்கினார். முகர்ந்தார். கத்தரியை எடுத்து லூப்பில் ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு எழுந்துபோய் மூட்டையிலிருந்து அதே ரகத்தில் விற்காமல் மிஞ்சியிருந்த பெல்ட்டுகளை அள்ளி வந்து தரையில் போட்டார். ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். எல்லாவற்றிலும் தோல் லூப்தான். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வழியில் தயார் செய்த வசனமெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"சாமி, நான் பெல்ட்ட எப்படிப் புடிப்பேன் பாத்திருக்கீங்கல்ல?" என்று கேட்டார். ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். கொக்கிப் பக்கத்தை இடது கையில் மடக்கிப் பிடித்து, வலது கையால் நீளத்தை உருவி உருவிப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். இடது கைக் கட்டைவிரல் சரியாக லூப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. "நகத்தால அழுத்துனேன், மோந்தேன், நூல கொளுத்துனேன். நான் புடிச்சிருந்த எடத்த மட்டும் பாக்கல. தெனம் என் வெரலுக்கடியிலதான் இருந்திருக்கு."

சென்னையில் தைத்துக் கொடுக்கிறவர் சீசன் அவசரத்தில் கான்வாஸ் தீர்ந்துபோய், கிடைத்த துண்டுத் தோலில் லூப் போட்டிருக்கிறார். பிற்பாடு போனில் கேட்டபோது, "வளையத்தை எல்லாமா கணக்குல எடுப்பீங்க?" என்றாராம். மேரியக்கா அவருக்குத் திருப்பிச் சொன்னதை, இப்போதும் மாலை போட்டிருக்கிற நான் எழுத முடியாது.

லூர்துபிரகாஷ் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு வளையம்தான மேரி? மிச்சத்துல மாத்திட்டு வித்துடு. போனது போகட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே" என்றார் மேரியக்கா. என் பக்கம் திரும்பினார். "குருசாமி வீட்டுல பூஜ என்னைக்கி?"

"சனிக்கெழம சாயந்தரம்."

"நான் வரேன். எல்லாரும் பெல்ட்டு கட்டிகிட்டே வரட்டும்."

பந்தலில் ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிப் பேருக்குப் பசி, எல்லோருக்கும் தூக்கமில்லை. அங்கே போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? சண்டை போட வந்த நானே அவருக்காகக் கெஞ்ச ஆரம்பித்தேன். "அக்கா, சபையில வேணாம். நான் ஒவ்வொருத்தர் வீட்டுக்கா போயி வாங்கியாறேன். நீங்க மாத்திக் குடுங்க. சத்தமில்லாம முடிச்சிடலாம்."

"சத்தமில்லாமலா வித்தேன்? காந்தி வீதி பூரா கேக்கக் கத்தித்தான வித்தேன்" என்றார் அவர். "என்கிட்ட ஒரு வார்த்ததான் இருக்கு சாமி. அது போச்சின்னா தார்ப்பாய சுருட்டிக்கினு வீட்டுல உக்கார வேண்டியதுதான். நாளைக்கி யாரோ கண்டுபுடிச்சி சொல்லி போறதுக்கு, இன்னிக்கி நானே சொல்லி போனா போவட்டும்."

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. குருசாமி வீட்டு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல், பதினெட்டுப் படி அலங்காரம், சூடம், சாம்பிராணி. மத்தளம் வாசிப்பவர் பெயர் மண்ணாங்கட்டி. கை பட்டால் பந்தலே ஆடும். பாட்டு உச்சத்தில் இருந்தபோது மேரியக்காவும் லூர்துபிரகாஷும் வந்து பந்தல் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மேரியக்கா மாதா கோயில் பூசைக்குப் போகிற வெளிர் நீலச் சேலை கட்டியிருந்தார். தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் கைகட்டி நின்றார். எந்தச் சரணத்துக்கு எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பாட்டு நின்றதும் முன்னால் வந்தார். மார்க்கெட்டில் கூவுகிற அதே குரலில் பேசினார்.

"குருசாமிக்கும் எல்லா சாமிங்களுக்கும் வணக்கம். இந்த வருஷம் நான் குடுத்த கறுப்பு கான்வாஸ் பெல்ட்டுல லூப்பு தோலு. நான் சரியாப் பாக்காம, தோலு இல்லன்னு சத்தியம் பண்ணி குடுத்துட்டேன். தப்பு என்னுது."

ஒரு நிமிஷம் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோர் கையும் தன்னால் இடுப்புக்குப் போயிற்று. கசமுசாவென்று சத்தம் கிளம்பியது. சாமிக்கண்ணு என்று ஒருவர், கடன் கொடுத்தவர் மாதிரி எப்போதும் விறைப்பாக இருப்பவர், எழுந்து நின்றுவிட்டார். "அப்ப இத்தினி நாளா தோலக் கட்டிகினா சரணம் சொன்னோம்? வெரதம் இன்னாத்துக்கு ஆவுறது? நம்ம ஆளுங்க கடையில வாங்கியிருந்தா இப்படி ஆவுமா?"

நம்ம ஆள் என்றால் காத்தவராயன். எனக்குச் சாமிக்கண்ணுவை இழுத்துப் பளாரென்று ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. என் கழுத்தில் கிடந்த மாலைதான் அவரைக் காப்பாற்றியது.

குருசாமி கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. "தெரியாம நடந்தது அம்மா" என்றார் மேரியக்காவிடம். "தெரியாம நடந்ததுக்கு தோஷம் கெடையாது. அய்யப்பன் கோச்சிக்க மாட்டாரு. நீங்க நிம்மதியா போங்க."

மண்ணாங்கட்டி மத்தளத்தில் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். "அட நான் வருஷா வருஷம் தோலத் தட்டித்தான சரணம் சொல்றேன்? மத்தளம் இன்னா வாழ எலையிலயா பண்ணுது? ஒரு வளையத்துக்குப் போயி இவ்ளோ பெரிய பஞ்சாயத்தா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. சாமிக்கண்ணுகூட அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. குருசாமி மன்னித்தாகிவிட்டது, சபை சிரித்தாகிவிட்டது. மேரியக்காவும் கூடவே சிரித்துவிட்டு, கொடுக்கிற பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். லூர்துபிரகாஷ் ஏற்கெனவே செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

மேரியக்கா நகரவில்லை.

"அது தோலுன்னு தெரிஞ்சே தட்டுறீங்க சாமி" என்றார் மண்ணாங்கட்டியிடம். "இது தோலு இல்லன்னு நான் சொன்னதால கட்டுனீங்க. உங்க வெரதத்துக்கு தோஷம் உண்டா இல்லியா, அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் உள்ளது, நான் நடுவுல வரல. என் வார்த்தைக்கு தோஷம் வந்துடிச்சி. அத நான்தான் சரி பண்ணணும். வேற யாரும் மன்னிச்சி சரியாவாது."

சிரிப்பு நின்றுவிட்டது. குருசாமி தன் இடுப்பில் வேட்டிக்கு மேல் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். "எங்க உக்கார்றீங்க? வெளிச்சம் போதுமா?" என்று கேட்டார்.

பந்தல் ஓரம் டியூப் லைட்டுக்குக் கீழே பாய் போட்டோம். பையிலிருந்து பிளேடு, கனத்த ஊசி, மெழுகு தடவிய நூல், ஏற்கெனவே வெட்டி மடித்துத் தைத்த கான்வாஸ் லூப்புகள் எல்லாம் வெளியே வந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்திருக்கிறார். சாமிமார்கள் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெல்ட்டை நீட்டி வரிசையில் நின்றார்கள். லூர்துபிரகாஷ் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டலில் தட்டு வாங்குகிற பணிவோடு ஒவ்வொரு பெல்ட்டாக வாங்கி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பஜனை மறுபடி ஆரம்பித்தது. மேரியக்கா பிளேடால் தையலைப் பிரித்துத் தோலை எடுத்துத் தனியே போட்டார், புதியதை வைத்துத் தைத்தார், இழுத்துப் பார்த்துக் கொடுத்தார். வேகமாகத்தான் செய்தார், ஆனால் ஒன்றுகூட அரைகுறை இல்லை. கடைசியாக வந்தவர் சாமிக்கண்ணு. கடிந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மேரியக்கா பெல்ட்டை வாங்கி, தைத்து, "கட்டிப் பாருங்க சாமி, சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் மேரியக்கா இல்லையே. அதே ரகத்தை எங்கள் குழு தவிர வழிப்போக்கர்களும் வாங்கியிருந்தார்கள். அவர்கள் யாரென்று தெரியாது, வீடு தெரியாது. மறுநாள் ஞாயிறு, முதல் பூசை முடிந்த கையோடு தார்ப்பாயை விரித்து, வழக்கமான கூவலை நிறுத்திவிட்டு வேறொன்று ஆரம்பித்தார்: "என்கிட்ட கறுப்பு கான்வாஸ் பெல்ட்டு வாங்குனவங்க வாங்க! அதுல தோலு இருக்கு! கொண்டாங்க, மாத்தித் தரேன்!"

காத்தவராயனுக்குத் தீபாவளி இன்னொரு தடவை வந்தது. "கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க, அவுங்களே சொல்றாங்க!" என்று பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூட்டத்தில் போகிறவர்களுக்கு முழு விவரம் எங்கே கேட்கும்? "தோலு இருக்கு" என்ற இரண்டு சொல் காதில் விழுந்ததும் மாலை போட்டவர்கள் தார்ப்பாயைத் தாண்டி நடந்தார்கள். சிலர் பெல்ட்டைக் கொண்டுவந்து மாற்றிப் போனார்கள். ஆனால் புதிதாக ஒருவரும் வாங்கவில்லை. மதியம் வரைக்கும் ஒரு பெல்ட் போகவில்லை. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு அப்படி ஒரு நாள் வந்ததே கிடையாது. நான் துணைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. அவர் தொண்டை கட்டிய பிறகும் கூவிக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு சாமி வந்தார். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் வேலை, காலையிலேயே பஸ்ஸில் வந்து மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார். கன்னிச்சாமி, மாலை புதுசாக இருந்தது. நேராகக் காத்தவராயன் கடைக்குத்தான் போனார். ஒரு பெல்ட்டை எடுத்து, "தோல் இல்லியே?" என்று கேட்டார். "சத்தியமா இல்ல சாமி" என்றார் காத்தவராயன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பர்ஸ் இல்லாததால் சட்டைப்பைக்குப் போன அந்தச் சாமியின் கை பாதியில் நின்றது. பெல்ட்டோடு நாலடி நடந்து எங்கள் பக்கம் வந்தார்.

"ஏம்மா, நீங்கதான தோல் இருக்குன்னு காலையிலேர்ந்து கத்திகிட்டு இருக்கறது?"

"ஆமா சாமி."

"இதக் கொஞ்சம் பாத்து சொல்லுங்க. இதுல இருக்கா?"

காத்தவராயன் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெல்ட் என்னவென்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மேரியக்கா வாங்கி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார். நகத்தால் அழுத்தினார், முகர்ந்தார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவர் ஒரு பெல்ட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. "தோல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாள் முழுக்க விற்காத பெல்ட்டில் ஒன்று விற்றுவிடும், காத்தவராயன் வாயும் அடைந்துவிடும். சொல்லட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். விரதத்தில் வேண்டக்கூடாத வேண்டுதல்தான்.

"தோலு இல்ல சாமி" என்றார் மேரியக்கா. "ரெக்சின்னு. வேர்வையில உரியும், அத நான் சொல்லிடணும். ஆனா உங்க வெரதத்துக்கு ஒண்ணும் ஆவாது. மனசுக்குப் புடிச்சிருந்தா வாங்கிக்குங்க."

அந்தச் சாமி ஒரு பெரிய மூச்சு விட்டார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய்க் காத்தவராயனிடமே வாங்கிக்கொண்டு போனார். காத்தவராயன் வாங்கிக் கல்லாவில் போட்டார். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, தோலுன்னு சொல்லியிருந்தா நம்மகிட்ட வாங்கியிருப்பான்ல?"

"வாங்கியிருப்பான்" என்றார் மேரியக்கா. "ஆனா காலையிலேர்ந்து என் சரக்குல தோலு இருக்குன்னு நான் கத்துனதக் கேட்டுட்டுத்தான அவன் என்கிட்ட கேக்க வந்தான்? பாத்து சொல்லுங்கன்னு வேற யாருகிட்டயும் போவலியே சாமி."

காத்தவராயன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வயிறு எரியத்தான் எரியுது" என்றார். "ஒரு டீ சொல்லுங்க சாமி." பிறகு எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிப்போன தொண்டையோடு மறுபடி அதையே கூவ ஆரம்பித்தார்.